பலூலேயில் இரண்டாவது இரவு
வண்டியும் கரண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஜூலை பள்ளி விடுமுறைக்கு மோட்டார்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். பலூலே முகாமில் இரண்டு இரவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே கரண்டே கிடையாதாம். வண்டியில் 100 ஆம்ப்-அவர் பேட்டரியும் கூரையில் ஒரு சோலார் பேனலும் உண்டு என்கிறார்கள். லோட்ஷெடிங் என்கிற சுழற்சி மின்வெட்டுக்காக எங்கள் வீட்டில் மாட்டியதும் அதே 100 ஆம்ப்-அவர்தான். அதில் ஃபிரிட்ஜ், டிவி, வைஃபை, விளக்கு எல்லாம் விடிய விடிய ஓடும். பிறகு ஏன் எல்லோரும் எங்களைப் பயமுறுத்துகிறார்கள்?
— ஒரு வாசகி, மிட்ராண்ட்

பதில்: இந்த மாதம் பாதிப் பக்கம் உங்களுக்குத்தான், தங்கச்சி. இதைக் கேட்காமலே கிளம்பிப் போகிற குடும்பங்கள் நிறைய. 2022, 2023-இல் லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது தென்னாப்பிரிக்காவில் பேட்டரி, இன்வெர்ட்டர் பற்றிப் பேசாத வீடு இல்லை. நல்ல அறிவுதான். ஆனால் அதை அப்படியே வண்டிக்குள் கொண்டுபோனால் கணக்கு உதைக்கும்.

ஒரு ஆம்ப் கரண்டை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்ப்-அவர். அதை மட்டும் வைத்து இரண்டு பேட்டரியை ஒப்பிடக் கூடாது. வோல்ட்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரில் தொங்கும் லித்தியம் பேட்டரி பெரும்பாலும் 51.2 வோல்ட். 100-ஆல் பெருக்கினால் 5,120 வாட்-அவர். மோட்டார்ஹோமில் இருப்பது 12 வோல்ட், அதாவது 1,200 வாட்-அவர். அதுவும் முழுக்க உங்களுடையது இல்லை. வாடகை வண்டியில் ஏஜிஎம் மாதிரி லெட்-ஆசிட் பேட்டரி இருந்தால், பாதிக்குக் கீழே இறக்க இறக்க அதன் ஆயுள் குறையும். ஆகக் கையில் நிற்பது 600 வாட்-அவர். உங்கள் வீட்டுப் பேட்டரியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

வண்டியில் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுவதால் ஆம்ப்-அவரிலேயே பேசுவோம். உங்களுக்கு இருப்பது 50. இந்த 50-ஐ மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜூலையில் க்ரூகர் முகாம்களின் கதவு மாலை 5.30-க்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கும். பொழுதும் சீக்கிரம் சாயும். நாலு மணிக்கு மேல் பேனலிலிருந்து பெரிதாக எதுவும் வராது, காலை எட்டரை வரை அதே கதைதான். நீங்கள் ஆறு மணிக்கே மிருகம் பார்க்கக் கிளம்பிவிட்டால் எஞ்சின் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். அதுவரை சுமார் 14 மணி நேரம் பேட்டரி தனியாகத் தாங்க வேண்டும்.

அந்த நேரத்தில் பெரிய செலவு ஃபிரிட்ஜ். வண்டியை எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே "இது கம்ப்ரஸர் ஃபிரிட்ஜா, கேஸிலும் ஓடும் மூவழி ஃபிரிட்ஜா?" என்பதுதான். கம்ப்ரஸர் என்றால், ஓடும்போது நாலு, நாலரை ஆம்ப் இழுக்கும். குளிர் இரவில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். சராசரி ஒன்றரை ஆம்ப் என்று வைத்தால் 14 மணி நேரத்துக்கு 21. மூவழி ஃபிரிட்ஜை 12 வோல்ட்டில் விட்டால் நிலைமையே வேறு. அது பத்து ஆம்பும் அதற்கு மேலும் நிறுத்தாமல் இழுக்கும், நள்ளிரவுக்கு முன்பே உங்கள் 50 காலி. அந்த வகையை வண்டி ஓடும்போது மட்டும்தான் 12 வோல்ட்டில் விட வேண்டும். நிறுத்தியதும் கேஸுக்கு மாற்றிவிடுங்கள், வண்டியையும் சமதளமாக நிறுத்துங்கள். சாய்ந்து நின்றால் அது சரியாகக் குளிராது.

மற்றவை சின்னச் செலவு. எல்இடி விளக்குகளுக்கு மாலை முழுவதற்கும் 3. தண்ணீர் பம்ப் ஐந்து ஆம்ப் இழுத்தாலும் மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும், அதற்கு 1. நாலு போன் சார்ஜ் ஏற 6. கூட்டினால் 31. இதுவரை பரவாயில்லை.

இனி இன்வெர்ட்டர். எதையும் சொருகாமல் சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே அது முக்கால் ஆம்ப் தின்னும். போன் சார்ஜருக்காக மாலையில் போட்டுவிட்டு மறந்து தூங்கினால் விடிவதற்குள் பத்து ஆம்ப்-அவர் யாருக்கும் பயன்படாமல் போய்விடும். 31, 41 ஆகிவிட்டது. நம் வீட்டு வழக்கப்படி ரைஸ் குக்கரை வேறு அதில் சொருகினால்? 500 வாட் குக்கர், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, 12 வோல்ட் பக்கத்தில் 48 ஆம்ப் இழுக்கும். சோறு வேக 25 நிமிடம் என்றால் 20 ஆம்ப்-அவர். ஒரு வேளைச் சோற்றுக்கு ஓர் இரவு முழுவதற்குமான ஃபிரிட்ஜ் கரண்ட் போய்விடுகிறது. கெட்டில், ஹேர் டிரையர் பற்றிப் பேசவே வேண்டாம். சூடாக்குவது எதுவானாலும் கேஸ் அடுப்பில். பிரஷர் குக்கரை எடுத்துப் போங்கள். மிக்ஸி வேலையை மிட்ராண்டிலேயே முடித்துவிடுங்கள். சட்னி, அரைத்த மசாலா, சாம்பார் எல்லாவற்றையும் டப்பாக்களில் போட்டு உறைய வைத்துக் கொண்டுபோனால் ஃபிரிட்ஜுக்கு அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். வெதுவெதுப்பான பாத்திரத்தை மாலையில் உள்ளே வைத்தால்தான் கம்ப்ரஸர் விடாமல் ஓடும். குளிர்ந்த பொருளால் நிரம்பிய ஃபிரிட்ஜ் குறைவாக ஓடும்.

இவ்வளவு செய்தால் முதல் இரவு தாண்டிவிடும். முதல் இரவில் யாரும் மாட்டுவதில்லை, தங்கச்சி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாளெல்லாம் ஓட்டிவந்த எஞ்சின் பேட்டரியை நன்றாக நிரப்பியிருக்கும். எல்லோரும் மாட்டுவது இரண்டாவது இரவில். லெட்-ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும், கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். காலையில் மூன்று மணி நேரம் யானையும் வரிக்குதிரையும் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது நிரம்பியிருக்காது. நிழல் தேடி மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் பேனலும் தூங்கிவிடும். பகலிலும் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? ஆக, இரண்டாவது இரவை 75, 80-இல்தான் தொடங்குவீர்கள். முந்தின இரவைப் போலவே 41 செலவழித்தால் பாதிக்குக் கீழே போய்விடும். வாடகை வண்டியின் பேட்டரி பல கை பட்டது. மேலே 100 என்று அச்சடித்திருந்தாலும் உள்ளே 70-தான் தங்கும் என்றால், விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்று போயிருக்கும்.

எனவே போன்களை இரவில் சார்ஜ் செய்யாதீர்கள். வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் சொருகுங்கள். இன்வெர்ட்டரை மாலை நாலு மணிக்கே அணைத்துவிடுங்கள். இந்த இரண்டு மட்டும் செய்தாலே இரவுச் செலவு 25-க்கு இறங்கும், இரண்டாவது இரவும் தாங்கும். நண்பகலில் பேனல்மேல் நிழல் விழாத இடத்தில் நிறுத்துங்கள். ஒரு 100 வாட் பேனல் கூரையில் படுத்த நிலையில், ஜூலை வெயிலில், நாளொன்றுக்குச் சுமார் 25 ஆம்ப்-அவர் தரும். க்ரூகர் இருக்கும் லோவெல்ட் தாழ்நிலப் பக்கம் குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஃபலபோர்வா கேட் வழியாகப் போவதாக இருந்தால், முடிந்தால் பலூலேக்கு முந்தின இரவை லெட்டாபா முகாமில் பிளக் உள்ள இடத்தில் கழியுங்கள். ராத்திரி முழுக்க சார்ஜர் ஓடினால்தான் அந்தக் கடைசி 20 சதவீதம் ஏறும்.

வண்டியைக் கையில் வாங்கும்போது இன்னொன்றும் கேளுங்கள்: எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியும் ஃபிரிட்ஜ், விளக்கை ஓட்டும் பேட்டரியும் தனித்தனியா, எஞ்சினை அணைத்ததும் இரண்டையும் பிரிக்கும் ரிலே உண்டா? காட்டிச் சொல்லச் சொல்லுங்கள், வாய்வார்த்தை போதாது. ஃபிரிட்ஜ் நின்றால் பால் கெடும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் பேட்டரியும் சேர்ந்து இறங்கினால் நாலாபுறமும் காடு, பிள்ளைகளோடு நீங்கள். இந்த ஒன்றில் மட்டும் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

வோல்ட் மீட்டர் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்டக் காலி. ஆனால் இதெல்லாம் பேட்டரி ஓய்வில் இருக்கும்போது. ஃபிரிட்ஜ் ஓடும் நேரத்தில் 12.0 காட்டினால் பதறாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்து அரை மணி விட்டுப் பாருங்கள். "ஃபிரிட்ஜ் தானாக நின்றுவிடும், அதுதான் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்களில் தொழிற்சாலை அமைப்பு 10.4 வோல்ட்டில்தான் நிறுத்தும். அதற்குள் பேட்டரிக்கு நடக்கக் கூடாதது நடந்து முடிந்திருக்கும்.

ஜெனரேட்டர் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பலூலே வேலியோரம் இரவில் கழுதைப்புலி நடந்து போகும். அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்கள்.

கேள்வி: பழைய மோட்டார்ஹோம் ஒன்று வாங்கி, அதிலிருந்த லெட்-ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு 200 ஆம்ப்-அவர் லித்தியம் மாட்டினேன். வெளிப்பக்கப் பெட்டியில்தான் இருக்கிறது. ஜூன் கடைசியில் டிராகன்ஸ்பெர்க்கில் ராயல் நேட்டல் பக்கம் தங்கினோம். இரவெல்லாம் எல்லாம் நன்றாக ஓடியது. காலையில் வெயில் பளீரென்று அடித்தும் சோலார் கன்ட்ரோலர் சுழி காட்டியது. பத்து மணிக்கு மேல் தானாகவே சார்ஜ் ஏறத் தொடங்கியது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
— ஒரு வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: இல்லை தம்பி, உங்களுக்கு நல்ல பேட்டரிதான் கிடைத்திருக்கிறது. அந்த இரவில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சுழி டிகிரிக்குக் கீழே கரண்ட் கொடுக்கும், ஆனால் வாங்கக் கூடாது. அந்தக் குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே கிராஃபைட்டுக்குள் போகாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்தது திரும்ப வராது. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், முற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் கூடும். அதனால் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் சார்ஜை மட்டும் தடுத்து வைத்தது. வெயிலில் பெட்டி சூடேறியதும் விட்டுவிட்டது. மலிவுப் பேட்டரிகள் சிலவற்றில் இந்தக் காவலே இருக்காது. அவை காலையிலேயே உற்சாகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டு உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும்.

ஆனாலும் உங்களுக்கு நட்டம் உண்டு. நம் குவாசுலு-நேட்டால் பக்கத்து முகாம்களுக்கெல்லாம் மலைச்சுவர் மேற்கே நிற்கிறது. குளிர்காலப் பிற்பகலில் சூரியன் சீக்கிரமே அதன் பின்னால் இறங்கி, முகாம் நிழலுக்குள் போய்விடும். அங்கே உங்கள் கரண்ட் எல்லாம் காலை வெயிலில்தான் இருக்கிறது, அந்த நேரம் பார்த்து உங்கள் பேட்டரி விறைத்துக் கிடக்கிறது. பத்து மணி வரை போன வெயில் போனதுதான்.

ஆகவே பேட்டரியை வெளிப்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே, இருக்கைக்கு அடியில் கொண்டுவாருங்கள். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும், அதனால்தான் அந்தக் காலத்தில் வெளியே வைத்தார்கள். லித்தியத்துக்கு அந்தத் தேவை இல்லை. நீங்கள் படுத்துறங்கும் கேபின் அந்த அளவுக்கு உறையாது. வயரை நீட்டும்போது மெலிந்த வயர் போடாதீர்கள். ஃப்யூஸ் பேட்டரி முனைக்கு ஒட்டியே இருக்கட்டும். கூரைப் பேனலோடு மடக்குப் பேனல் ஒன்றும் வைத்துக்கொண்டு, காலையில் வடகிழக்கைப் பார்த்து நிமிர்த்தி வையுங்கள். ஜூன் கடைசியில் அங்கே நண்பகலில்கூடச் சூரியன் 37, 38 டிகிரி உயரம்தான் ஏறும். கூரையில் படுத்திருக்கும் பேனலுக்கு, சூரியனை நேராகப் பார்க்கும் பேனலுக்குக் கிடைப்பதில் 60 சதவீதம்தான் கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. எஞ்சின் பக்கத்தோடு இணைக்கும் பழைய ரிலேயை அப்படியே விட்டுவிட்டு லித்தியத்தை மாட்டியிருந்தால், அது எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து கட்டுப்பாடில்லாமல் கரண்டை உறிஞ்சும். மலையேற்றத்தில் மெதுவாகப் போகும்போது ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடக் கூடும். நடுவில் கரண்டை 30 ஆம்ப் அளவில் கட்டுப்படுத்தி அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். வோல்ட்டைப் பார்த்து லித்தியத்தில் எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது. பெரும்பகுதி நேரம் 13.2-ஐ ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென விழும். போகிற வருகிற ஆம்பை எண்ணிக் காட்டும் ஷண்ட் மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைப்பதால் சிபேப் மெஷின் போட்டுத்தான் படுப்பார். கடற்கரையோரமாக வண்டியில் ஒரு வாரம் அழைத்துப்போக ஆசை. பேட்டரியை நம்பலாமா?
— ஒரு மகள், போர்ட் எலிசபெத்

பதில்: நம்பலாம், அம்மா. ஆனால் வீட்டிலேயே ஒத்திகை பார்த்த பிறகு. மெஷினில் காற்றை அனுப்பும் மோட்டார் அதிகம் இழுக்காது. தண்ணீரைச் சூடாக்கி ஈரப்பதம் கொடுக்கும் பாகமும் சூடாக்கும் குழாயும்தான் கரண்டைக் குடிக்கின்றன. அவை இல்லாமல் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஆகும் செலவு மெஷினுக்கு மெஷின் மாறும். அவற்றோடு சேர்த்தால் இரண்டு மடங்கும் தாண்டும். ஈரப்பதத்தை நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், அதை நான் சொல்லக் கூடாது. அந்த மெஷினுக்கென்றே தயாரித்த 12 வோல்ட் அடாப்டர் கிடைத்தால் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். இன்வெர்ட்டர் பத்து, பதினைந்து சதவீதத்தை வெப்பமாகவே தொலைத்துவிடும்.

அப்பாவின் மெஷினுக்கு ஒரு பேட்டரியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். ஃபிரிட்ஜோ விளக்கோ அதைத் தொடவே கூடாது. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, வெளிக் கரண்டைப் பிடுங்கிவிட்டு, அப்பா ஓர் இரவு அதில் தூங்கட்டும். காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் கிளம்புங்கள். அப்பாவோடு கடலைப் பார்க்கிற அந்த வாரம் நல்லபடியாக அமையட்டும்.

கேள்வி: பேட்டரியை மிச்சப்படுத்த, குளிர் தெரியாமல் இருக்க, கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் தூங்கலாமா?
— ஒரு வாசகர், பெனோனி

பதில்: கூடவே கூடாது. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. பிராய் (வெளியே கரியில் இறைச்சி சுடுவது) போட்ட கரித்துண்டுகளை வாளியில் அள்ளி உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான். கனமான போர்வை, கம்பளிக் காலுறை, படுக்கைக்குள் ஒரு வெந்நீர்ப் பை. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கி, சொல்லியிருக்கும் இடத்தில் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் எப்போதும் பிளக் பாயிண்ட் உள்ள கேரவன் பார்க்கில்தான் தங்குவோம். எங்களுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம்தானே?
— ஒரு தம்பதி, சாட்ஸ்வர்த்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். ஆனால் பிளக் சொருகியிருப்பதும் கரண்ட் வருவதும் ஒன்றல்ல. அந்த நீல நிற 16 ஆம்ப் பிளக் தாங்குவது 230 வோல்ட்டில் 3,680 வாட். கம்பத்தில் உள்ள பிரேக்கர் அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். ஹீட்டர் ஓடும்போது டீக்குக் கெட்டிலைப் போட்டால் வெளியே பிரேக்கர் விழுந்துவிடும். ஹீட்டர் நின்றால் உடனே தெரியும். ஹீட்டர் இல்லாத நாளில் விழுந்தால் தெரியாது. விளக்கும் பம்பும் 12 வோல்ட்டில் எப்போதும் போல ஓடும், பேட்டரி மட்டும் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். பகுதியில் கரண்ட் போனாலும் இதேதான்.

படுக்கும் முன் மீட்டரை ஒரு தடவை பாருங்கள். 13-க்கு மேல், 13.5 அளவில் காட்டினால் சார்ஜர் வேலை செய்கிறது. லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6 என்று காட்டினால், டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குப் போய்ப் பிரேக்கரைத் தூக்கிவிட்டு வாருங்கள்.